எண்களுக்கு எப்படி நிறம் பூசினாலும் சில அமைப்புகளைத் தவிர்க்க முடியாதாமே, அது என்ன? அதனால் யாருக்கு என்ன பயன்?

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், "யாருக்கு என்ன பயன்" என்பதுதான் உட்காரவைத்துவிட்டது. நீங்கள் கல்லூரியில் கணிதம் படிக்கிறீர்கள், வீட்டில் யாரோ இப்படிக் கேட்டு வாயடைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், என்னிடமும் இதைக் கேட்டவர்கள் உண்டு.

1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சிவப்போ நீலமோ, உங்கள் இஷ்டம். ஒரே நிறத்தில் சம இடைவெளியுள்ள மூன்று எண்கள் (2, 5, 8 மாதிரி) வந்துவிடக் கூடாது என்று குறியாகவே பூசுங்கள். 8 வரை தப்பிக்கலாம்: 1, 2, 5, 6 சிவப்பு, 3, 4, 7, 8 நீலம். 9 வந்ததும் வழி அடைபடும், சிவப்பு பூசினால் 1, 5, 9 சேர்ந்துவிடும், நீலம் பூசினால் 7, 8, 9.

இதை ஒன்பதாம் வகுப்பில் கலர் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "வேற மாதிரி பூசினா 9 தாண்டலாம்ல மிஸ்?" என்றான். சரியான கேள்வி. மொத்தம் 512 விதமாகப் பூசலாம், நான் காட்டியது அதில் ஒன்றைத்தானே. பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொன்றாகப் பூசிப் பார்க்க ஆரம்பித்தார்கள், ஒருவருக்கும் வரவில்லை. அப்போது ஒரு பெண், கணக்கில் பாஸ் மார்க்கைத் தொடுவதற்கே திணறுகிறவள், 4-ஐயும் 6-ஐயும் பார்க்கச் சொன்னாள். இரண்டும் சிவப்பு என்றால் நடுவிலுள்ள 5 நீலமாக வேண்டும். 2, 4, 6 சேரக் கூடாது, அதனால் 2-ம் நீலம். 4, 6, 8 சேரக் கூடாது, 8-ம் நீலம். "இப்ப 2, 5, 8 நீலம் மிஸ்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. யாரும் சொல்லித்தராமல் அந்தப் பிள்ளை ஒரு நிரூபணத்தின் பாதியைச் சொல்லிவிட்டது. மீதியை எல்லோரும் சேர்ந்து முடித்தோம். 4 சிவப்பு, 6 நீலம், 5 சிவப்பு என்று வையுங்கள் (5 நீலமென்றால் வரிசையைப் பின்னாலிருந்து எண்ணி நிறங்களை மாற்றிக்கொண்டால் இதே கதைதான்). 3 நீலமாக வேண்டும், அதனால் 9 சிவப்பு, அதனால் 1-ம் 7-ம் நீலம், அதனால் 8 சிவப்பு. மிச்சம் 2 மட்டும். சிவப்பென்றால் 2, 5, 8. நீலமென்றால் 1, 2, 3. முடிந்தது.

அந்த நேரம் வராண்டாவில் போன நிர்வாகத்து ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது எந்தப் பாடம்? பப்ளிக்ல எத்தனை மார்க்?" என்றார். அடுத்த கூட்டத்தில் இதற்குத் தனியாக அறிவுரை வேறு. சிலபஸை நான் எப்போதும் நேரத்துக்கு முடித்துவிடுகிறேன், யாரும் அந்தக் குறை சொல்ல முடியாது. வகுப்பில் ஒரு பீரியட் வீண் என்று கணக்குப் பார்க்கிறவர்கள், மே மாத வெயிலில் எங்களைத் தெருத்தெருவாக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்புகிறார்களே, அந்த நாட்களை எந்தக் கணக்கில் வைப்பது? இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நிறங்கள் எத்தனையானாலும் (எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால் போதும்), எவ்வளவு நீளம் கேட்டாலும், அந்த நீளத்தில் ஒரே நிறக் கூட்டுத் தொடர்வரிசை (சம இடைவெளியில் போகும் எண்கள்) வந்தே தீரும் என்று 1927-இல் வெளியிட்டவர் வான் டெர் வார்டன் என்ற டச்சுக்காரர். முடிவே இல்லாத தொடர்வரிசை வரும் என்று நான் சொல்லவில்லை, அது பொய். 1 சிவப்பு, 2, 3 நீலம், 4 முதல் 7 வரை சிவப்பு என்று இரட்டித்துக்கொண்டே போனால் அதைத் தடுத்துவிடலாம். இதைச் சொல்லாவிட்டால் கீழே யாராவது பிடித்துக்கொள்வார்கள். இரண்டு நிறத்தில் மூன்று எண்ணுக்கு 9 போதும், நான்குக்கு 35, ஐந்துக்கு 178, ஆறுக்கு 1132. ஏழுக்கு என்ன என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பயன்? இதற்கும் முன்னால், 1916-இல், ஷூர் என்ற கணித மேதை இப்படி ஒன்றை நிறுவினார்: எத்தனை நிறம் பூசினாலும், கூட்டப்படும் இரண்டு எண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் ஒரே நிறத்தில் எங்காவது வரும். அவர் அதைப் பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை (n இரண்டைவிடப் பெரிய முழு எண்ணானால் xⁿ + yⁿ = zⁿ என்ற சமன்பாட்டுக்கு நேர்ம முழு எண்களில் தீர்வு இல்லை என்பது), பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்த்து நிறுவிவிட முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று காட்ட அது உதவியது. பெரிய பகா எண் எதை எடுத்தாலும் அந்தச் சமன்பாட்டுக்கு மீதிக் கணக்கில் தீர்வு கிடைத்துவிடுகிறது. அப்பேர்ப்பட்டவரை யூதர் என்பதற்காக நாஜி ஆட்சி பெர்லின் பேராசிரியர் பதவியிலிருந்து 1935-இல் வெளியேற்றியது. 1941-இல் டெல் அவிவில் இறந்தார்.

2016-இல் மூன்று ஆய்வாளர்கள், 3, 4, 5 போன்ற பித்தாகரஸ் எண்களை ஒரே நிறத்தில் சேராமல் 7824 வரை பூசலாம், 7825 வரை முடியாது என்று கணினியால் நிறுவினார்கள். நிரூபணத்தின் அளவு சுமார் 200 டெராபைட். மனிதர் படிக்க முடியாதது நிரூபணமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. சரிபார்க்க வழி இருக்கும்வரை அது நிரூபணம்தான் என்பது என் கட்சி. அதில் பயன்பட்ட வகை நிரல்களைக் கொண்டுதான் கணினி சில்லுகளில் வடிவமைப்புப் பிழை இருக்கிறதா என்றும் தேடுகிறார்கள். வீட்டில் கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஷூரின் ஆட்டத்தை மூன்று நிறத்தில் ஆடிப் பாருங்கள், ஒரே எண்ணை அதனுடனேயே கூட்டுவதும் கணக்கில் சேரும். 13 வரை பூச முடியும். முடிந்தால் பூசி இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன். 14-க்கு ஏன் முடியாது என்பதை அப்புறம் பேசுவோம்.