மக்கள்தொகைப் புவியியலை எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது?

தேர்வுக்குப் படிக்கிறேன், மக்களடர்த்தி, கருவள விகிதம், தள்ளு காரணி, ஈர்ப்புக் காரணி என்று கலைச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் என் பதில்: வயதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, எந்தெந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த நாட்டைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஓர் இடத்தின் மக்கள்தொகை மாற மூன்றே வழிகள்தான்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. மூன்றிலுமே வயது உள்ளே புகுந்து விளையாடும்.

இறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சராசரி ஆயுள் ஏறக்குறைய 84 ஆண்டுகள். ஆனால் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை இறப்பு என்று பார்த்தால் ஜப்பானில் 12-க்கு மேல். வங்கதேசத்தில் அதில் பாதியளவுதான். அங்கே மருத்துவம் ஜப்பானைவிடச் சிறந்தது என்று இதற்குப் பொருளல்ல. ஜப்பானில் முதியோர் அதிகம், வங்கதேசத்தில் இளையோர் அதிகம், அவ்வளவுதான். இதைக் கவனிக்காமல் இறப்பு விகிதத்தை வைத்து நாடுகளை ஒப்பிட்டால் விடை தலைகீழாகிவிடும்.

பிறப்பிலும் இதே கதை. கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2.1 ஆக இருப்பதைப் பதிலீட்டு நிலை என்கிறோம்: பெற்றோரின் இடத்தைப் பிள்ளைகள் நிரப்பும் அளவு. சீனா 1990-களின் தொடக்கத்திலேயே அதற்குக் கீழே போய்விட்டது. ஆனாலும் அதன் மக்கள்தொகை குறையத் தொடங்கியது 2022-இல்தான். நடுவில் ஏன் முப்பது ஆண்டு? குழந்தைகள் நிறையப் பிறந்த காலத்துப் பெண்கள் வளர்ந்து தாயாகும் வயதுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும், பெறுபவர்களின் எண்ணிக்கை பெரிது. இதற்குப் பெயர் மக்கள்தொகை உந்தம். இறப்பு முதலில் குறைந்து, பிறப்பு பிறகு குறைய, இடைப்பட்ட காலத்தில் மக்கள் பெருகுவார்கள் என்னும் மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டை உந்தத்தோடு சேர்த்தே படியுங்கள். தனியாகப் படித்தால் நான்கு கட்டங்களின் பெயர்கள்தான் மனத்தில் நிற்கும்.

அடர்த்தி பற்றி ஒரு வார்த்தை. எகிப்தின் மக்கள்தொகையை அதன் மொத்தப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் இடம் தாராளமாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் சுமார் 95 சதவீத மக்கள் நைல் நதியை ஒட்டிய 5 சதவீத நிலத்தில் வாழ்கிறார்கள். விளைநிலத்தை வைத்துக் கணக்கிடும் அடர்த்தி எதற்கு என்பது இதிலேயே விளங்கும்.

இனி இடப்பெயர்வு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1885-இல் ராவென்ஸ்டைன் என்ற புவியியலாளர், பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த ஊர் பற்றிய தகவல்களை வைத்துச் சில விதிகளை எழுதினார். பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள். ஒரு திசையில் மக்கள் போனால் எதிர்த்திசையிலும் சிலர் வருவார்கள். குறுகிய தூர நகர்வில் பெண்களே அதிகம். இவை இன்றும் பெருமளவு பொருந்துவது எனக்கு வியப்புதான். பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்வோர் உலக மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அகதிகளில்கூடப் பெரும்பாலோர் அண்டை நாட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

ஊரை விட்டுப் போகவைக்கும் தள்ளு காரணி, புது இடத்துக்கு இழுக்கும் ஈர்ப்புக் காரணி இரண்டும் எல்லாப் பாடநூலிலும் இருக்கும். 1966-இல் மக்கள்தொகை ஆய்வாளர் எவரெட் லீ எழுதியதில் இன்னும் இரண்டு உண்டு: இடையில் வரும் தடைகள், அவரவர் சொந்தச் சூழல். மாணவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான். பயணச் செலவு, விசா, எல்லை, அங்கே முன்பே போய்ச் சேர்ந்த உறவினர் எல்லாம் இதில் அடங்கும். பரம ஏழைகள்தான் அதிகம் வெளிநாடு போகிறார்கள் என்ற எண்ணம் தவறு என்பதும் இங்கேதான் புரியும். போவதற்கே பணம் வேண்டுமே. ஏழை நாடுகளில் வருமானம் கொஞ்சம் உயரும்போது வெளியேறுவோர் கூடுவதும் இதனால்தான்.

கத்தாரின் மக்கள்தொகைப் பிரமிடை, அதாவது ஒவ்வொரு வயதிலும் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று இருபக்கமும் பட்டைகளாகக் காட்டும் படத்தை, ஒருமுறை பாருங்கள். பிரமிடு என்று சொல்லவே முடியாது. ஆண்கள் பக்கத்தில் 25 முதல் 45 வயது வரை பெரிதாகப் புடைத்து நிற்கும். பெண்கள் பக்கம் ஒல்லி. உச்சியில் முதியோர் இல்லை என்றே சொல்லலாம். அங்கே பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆண்கள். வேலைக்கு வந்து, வேலை முடிந்ததும் திரும்பிவிடும் தொழிலாளர்களின் உருவம் அது. அந்த வயதினர் எந்த ஊரிலிருந்து போனார்களோ, அங்கே குழந்தைகளும் முதியோரும் எஞ்சுகிறார்கள். அனுப்பும் பணம் வந்து சேர்கிறது, வயலில் இறங்க ஆள் குறைகிறது. ஒரே நகர்வு இரண்டு பிரமிடுகளை மாற்றுகிறது.

அகதி என்ற சொல்லைத் தேர்வில் கவனமாக எழுதுங்கள். 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைப்படி, இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பேரில் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டு எல்லையைக் கடந்தவர்தான் அகதி. அதே அச்சத்தில் ஓடியும் எல்லைக்குள்ளேயே இருப்பவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அந்த உடன்படிக்கையின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஒரு கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் உரிமை மாறிவிடுகிறது. எத்தனை முறை கற்பித்தாலும் இது என்னை உறுத்துகிறது.

ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் தளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் 1950-இலிருந்து தரவும், 2100 வரையான கணிப்பும் இலவசமாகக் கிடைக்கும். ஜப்பான், நைஜர், கத்தார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வடிவம் பிறப்பால் வந்தது, எது இறப்பால், எது இடப்பெயர்வால் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கருத்துப் பெட்டியில் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.