சமதளக் கட்டத்தின் ஸ்பிரின்ட் கடைசி 200 மீட்டரில் தொடங்குவதில்லை

நாளுக்கு ஒரு கட்டமாக மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் சமதளக் கட்டங்களில் நான்கு மணி நேரம் எதுவுமே நடப்பதில்லை என்றும், கடைசியில் யாருடைய கால்களில் வேகம் அதிகமோ அவர் வென்றுவிடுகிறார் என்றும், இதைப் பற்றி ரசிகர்கள் இவ்வளவு நேரம் விவாதிக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக ஜூலை மாத இரவுகளில், நம் நேரப்படி ஒன்பது மணியை ஒட்டி முடிவடையும் இந்தக் கட்டங்களை விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வேகம் இல்லாதவர் ஸ்பிரின்டில் வெல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகம் படைத்தவர்கள் ஒவ்வொரு டூரிலும் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள். அவர்களில் யார் வெல்வார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, 200 மீட்டர் எஞ்சியிருக்கும்போது யார் யாருடைய பின்சக்கரத்தில் இருந்தார் என்பதே. அந்த இடத்தைப் பிடிப்பதற்கான போராட்டம் பல கிலோமீட்டர்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

காரணம் காற்று. சமதளத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் வீரரின் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அதிலும், காற்றை வெல்வதற்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே மிகச் சிறிய வேக உயர்வுக்குக்கூடப் பெரிய விலை கொடுக்க வேண்டும். முன்னால் செல்பவரின் மறைவில் ஒட்டிச் செல்பவருக்கு அந்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டரைக் கடக்கப் பத்து நொடிகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். எவ்வளவு வலிமையான ஸ்பிரின்டரும் தன் உச்ச ஆற்றலைப் பத்து, பதினைந்து நொடிகளுக்கு மேல் தாங்கிப் பிடிக்க முடியாது. எனவே எதிர்க்காற்று வீசும் நாளில் எல்லைக்கோட்டுக்கு 250 மீட்டர் இருக்கும்போதே மறைவை விட்டு வெளியே வருபவர் மற்றவர்களுக்குக் காற்றை உடைத்துக் கொடுத்துவிட்டுக் கோட்டருகே தளர்ந்துபோவார். பின்காற்று வீசும் நாளில் 150 மீட்டர்வரை காத்திருப்பவருக்கோ முந்திச் செல்லத் தூரம் போதாமல் போகும். சாலை வளைகிறதா, லேசாக மேலேறுகிறதா என்பதைப் பொறுத்தும் இந்தக் கணக்கு மாறும்.

ஸ்பிரின்டரை அந்த இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்காகத்தான் அணிகள் 'ரயில்' அமைக்கின்றன. நான்கைந்து வீரர்கள் வரிசையாக முன்னால் நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தம் வலிமை முழுவதையும் செலவழித்துவிட்டு விலகுவார்கள். கடைசியாக விலகுபவர்தான் லீட்-அவுட் வீரர். 2009-ஆம் ஆண்டு டூரின் இறுதி நாளில் பாரிஸ் ஷான்செலிசே சாலையில் பிரிட்டன் ஸ்பிரின்டர் மார்க் கேவண்டிஷ் வென்ற விதத்தை நான் இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கான்கார்ட் சதுக்கத்திலிருந்து வரும் கடைசி வளைவுக்குள் அவருடைய லீட்-அவுட் வீரர் மார்க் ரென்ஷா முதலாவதாக நுழைந்தார். கேவண்டிஷ் அவர் பின்சக்கரத்தில் இருந்தார். மற்ற அணிகளின் ஸ்பிரின்டர்கள் வளைவிலேயே சில மீட்டர்களை இழந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் அதை ஈடுகட்ட முடியவில்லை. கேவண்டிஷ் முதலிடம் பெற்றார். தன் வேலையை முடித்துவிட்டு ஓய்ந்திருக்க வேண்டிய ரென்ஷாவே இரண்டாம் இடம் பெற்றார். அன்றைய வெற்றி அந்த வளைவின் நுழைவாயிலில் முடிவாகிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதனால்தான் சமதளக் கட்டத்தை ஹெலிகாப்டர் காட்சியில், பத்து கிலோமீட்டர் எஞ்சியிருக்கும்போதிலிருந்தே பார்க்கச் சொல்கிறேன். அப்போது பல அணிகள் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு இணையாக முன்னேறும். ஒட்டுமொத்தப் பட்டியலில் முன்னணியில் இருக்கும் வீரர்களின் அணிகளும் விபத்தைத் தவிர்ப்பதற்காக அதே முன்வரிசைக்கு வந்துவிடும். ரவுண்டானா ஒன்று வந்தால் இடப்பக்கமாகச் சுற்றுவது குறுக்குவழியா, வலப்பக்கமா என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து வைத்திருக்கும் அணி ஒரே நொடியில் பத்து இடங்கள் முன்னேறும். தவறான பக்கம் சென்ற அணி அதே பத்து இடங்களை மீட்க இரண்டு வீரர்களைச் செலவழிக்க வேண்டியிருக்கும். மூன்று கிலோமீட்டர் எஞ்சியிருக்கும்போது எந்த அணியிடம் எத்தனை வீரர்கள் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சீக்கிரம் முன்னால் வந்து நிற்பது கம்பீரமாகத் தெரிந்தாலும், 1,500 மீட்டர் எஞ்சியிருக்கும்போதே ரயில் தீர்ந்துபோன ஸ்பிரின்டர் தனியாகக் காற்றில் நிற்கும் நிலைக்கு ஆளாவார்.

ரயில் இல்லாமல் வென்றவர்களும் உண்டு. எனக்கு அவர்களை இன்னும் அதிகமாகப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் ராபி மெக்கூவன் பிறருடைய ரயில்களின் பின்னால் தொற்றிக்கொண்டே டூரில் 12 கட்டங்களை வென்றார். புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறுபவருக்குத் தரப்படும் பச்சை ஜெர்சியை மூன்று முறை பெற்றார். 2024-இல் கேவண்டிஷ் பெற்ற 35-ஆவது கட்ட வெற்றியும் பெருமளவில் இந்த வகையைச் சேர்ந்ததே. அப்போது அவருக்கு வயது 39. அந்த டூரின் முதல் நாளில், புளோரன்ஸிலிருந்து ரிமினிக்குச் சென்ற மலைப்பாதையின் வெயிலில், சைக்கிளில் இருந்தபடியே அவர் வாந்தி எடுத்தார். தாண்டினால் போட்டியிலிருந்து வெளியேற வேண்டிய நேர வரம்புக்குள் அவர் வந்து சேர்வாரா என்றே எல்லோரும் அஞ்சினார்கள். நான்கு நாட்களுக்குப் பிறகு, ஜூலை 3 அன்று, செயின்ட்-வுல்பாவில் கடைசிக் கிலோமீட்டரின் நெரிசலில் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குத் தாவித் தாவி, வழி திறக்கும் பக்கத்தைத் தானே கண்டுபிடித்து வெளியே வந்தார். யாஸ்பர் ஃபிலிப்சன் இரண்டாமிடமும் அலெக்சாண்டர் கிறிஸ்டாஃப் மூன்றாமிடமும் பெற்றார்கள். பெல்ஜியத்தின் பழம்பெரும் வீரர் எடி மெர்க்ஸோடு பகிர்ந்துகொண்டிருந்த 34 வெற்றிகள் என்ற சாதனை அன்று முறிந்தது. அந்த வயதில் அவருடைய உச்ச வேகம் இளையவர்களைவிடக் கூடுதலாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சக்கரங்களைத் தேர்ந்தெடுத்த கண் அவருடையது.

இதற்கு முந்தைய ஆண்டின் பார்டோ கட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் ரசிகர்களின் நீண்ட விவாதங்களுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 2023-இல் அந்த ஏழாவது கட்டத்தில் கேவண்டிஷ் முன்கூட்டியே பாய்ந்து முன்னிலை பெற்றார். ஃபிலிப்சன் அவரைக் கடைசியில் முந்தினார். கேவண்டிஷ் அவசரப்பட்டுவிட்டார் என்று ஒரு சாரார் கூறினார்கள். ஸ்பிரின்டின் நடுவே கியரில் கோளாறு ஏற்பட்டது என்று அணி தெரிவித்ததை இன்னொரு சாரார் எடுத்துக்காட்டினார்கள். என் கணிப்பில், ஃபிலிப்சன் அமர்ந்திருந்த இடத்துக்குத்தான் முதல் மதிப்பெண் கொடுக்க வேண்டும். அந்த டூர் முழுவதும் அவருக்கு லீட்-அவுட் வீரராக இருந்தவர் மத்தியூ வான் டெர் போல். தானே பெரும் போட்டிகளை வெல்லக்கூடிய ஒருவர், மற்றவருக்காகக் காற்றை உடைத்துக்கொண்டு சென்றார். ஃபிலிப்சன் அந்த ஆண்டு நான்கு கட்டங்களை வென்றது அவருடைய வேகத்தை மட்டும் வைத்து விளக்கிவிடக்கூடிய ஒன்றல்ல. கேவண்டிஷோ அடுத்த நாளே விழுந்து காறை எலும்பு முறிந்து வெளியேறினார்.

இடத்துக்கான போட்டி என்பதால்தான் ஸ்பிரின்ட் ஆபத்தானதாகவும் இருக்கிறது. இந்தப் பகுதியில் நான் நடுநிலையாக எழுதப் போவதில்லை. ஸ்பிரின்டைத் தொடங்கிய வீரர் தான் தேர்ந்த தடத்தை விட்டு விலகிப் பிறரை ஆபத்துக்குள்ளாக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. 2020 ஆகஸ்ட் 5 அன்று, போலந்துச் சுற்றுப்போட்டியின் முதல் கட்டம் முடிவடைந்த கடோவிட்சேயில், இறக்கமான சாலையில் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் டிலன் குரோனவேகன் வலப்பக்கம் விலகினார். ஃபாபியோ யாகப்சன் தடுப்புகளின் மீது எறியப்பட்டார். தடுப்புகள் பிரிந்து சிதறின. யாகப்சன் மருத்துவமனையில் செயற்கையாக ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட வேண்டிய நிலை வந்தது. குரோனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை விதிக்கப்பட்டது. 2022 டூரில், டென்மார்க்கில், நிபோர்க் நகரில் யாகப்சன் வென்றதும், மறுநாளே சோன்டர்போர்க்கில் குரோனவேகன் வென்றதும் இந்த விளையாட்டைப் பின்தொடரும் எங்களுக்கு மிகவும் நெகிழ்ச்சியான இரண்டு நாட்கள். ஆனாலும் இறக்கமான சாலையில் அப்படியோர் எல்லைக்கோட்டை அமைத்தவர்களின் பொறுப்பை ஒரு வீரரின் தடை ஈடுசெய்துவிட்டதாக நான் கருதவில்லை.

நடுவர்களின் தீர்ப்புகளில் சீர்மை இல்லை என்பதும் என் உறுதியான கருத்து. 2023-இல் பயோன் நகரில் ஃபிலிப்சன் வென்ற ஸ்பிரின்டில் வௌட் வான் ஆர்ட் தடுப்போரம் நெருக்கப்பட்டார். நடுவர்கள் பரிசீலித்து முடிவை மாற்றாமல் விட்டார்கள். 2024-இல் டிஜோனில் அதே இருவருக்கிடையே அதே வகையான நெருக்கல் நிகழ்ந்தபோது, இரண்டாவதாக வந்த ஃபிலிப்சன் தண்டனையாக முடிவுப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அதனால் பச்சை ஜெர்சிப் போட்டியில் அவர் இழந்த புள்ளிகள் சிறியவை அல்ல. அந்த ஜெர்சியை இறுதியில் எரித்திரியாவின் பினியம் கிர்மாய் மிகத் தகுதியோடு வென்றார். 2017-இல் விட்டெலில் கேவண்டிஷ் தடுப்பில் மோதி விழுந்ததும், அவரை நெருக்கியதாக பீட்டர் சாகன் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். பல மாதங்கள் கழித்து அது வேண்டுமென்றே செய்யப்பட்ட செயல் அல்ல என்று ஒத்துக்கொள்ளப்பட்டு வழக்கு முடிந்தது. விழுந்தவரின் காயத்தைப் பார்த்துத் தண்டனையை அளப்பது தவறு. யாரும் விழாவிட்டாலும் தடம் மாறிய செயலை அளக்க வேண்டும். ஆபத்தான நடத்தைக்கு எச்சரிக்கை தரும், 2025 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மஞ்சள் அட்டை முறையை நான் இந்தக் காரணத்தாலேயே வரவேற்கிறேன்.

நெருக்கமான முடிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்சக்கர டயரின் முன்விளிம்பு கோட்டைத் தொடும் கணமே கணக்கு. 2017-இல் நுயி-சென்-ஜோர்ஜில் மார்செல் கிட்டல், எட்வால்ட் போவாசன் ஹாகனை 6 மில்லிமீட்டரில் வென்றார். கோட்டை நெருங்கும் நொடியில் கைகளை நீட்டிச் சைக்கிளை முன்னால் எறியும் அசைவை எப்போது செய்வது என்பதும் பழகிப் பெற வேண்டிய திறமையே.

நான்கு மணி நேரம் எதுவும் நடப்பதில்லை என்ற உங்கள் குறைக்கு, 2025-இன் ஒன்பதாவது கட்டத்தைப் பாருங்கள் என்பேன். ஷினோனிலிருந்து ஷாட்டோருவுக்கு 174 கிலோமீட்டர். பெரிய மேடு எதுவும் இல்லாத பாதை. ஃபிலிப்சன் மூன்றாவது கட்டத்திலேயே விழுந்து வெளியேறியிருந்ததால் வழிநடத்த ஸ்பிரின்டர் இல்லாத வான் டெர் போல், தன் அணித்தோழர் யோனாஸ் ரிக்கார்டோடு தொடக்கத்திலேயே தப்பி ஓடினார். மற்ற வீரர்களின் கூட்டம் அவர்களைத் துரத்தியதில் கட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியது. 1999-இல் மரியோ சிப்பொல்லினி புளோவாவில் வென்ற நாளின் 50.355 கிலோமீட்டருக்கு அடுத்தபடியாக, எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் கட்டங்களில் டூர் கண்ட மிக வேகமான நாள் அது. ரிக்கார்ட் கடைசிக் கிலோமீட்டர்களில் பின்தங்கினார். தனியாகத் தொடர்ந்த வான் டெர் போலைக் கூட்டம் பிடித்தபோது எல்லைக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. டிம் மெர்லியர் வென்றார், ஜோனத்தன் மிலன் இரண்டாவதாக வந்தார்.

தொடங்க விரும்பினால், 2009 பாரிஸ் முடிவை முதலில் பாருங்கள். ரயில் என்பது என்ன என்று ஒரே பார்வையில் புரியும். பிறகு 2024 செயின்ட்-வுல்பாவின் மேலிருந்து எடுத்த காட்சியை, கேவண்டிஷ் மீது மட்டும் கண் வைத்து, கடைசி இரண்டு கிலோமீட்டருக்குப் பாருங்கள். அதே காட்சியை இரண்டாம் முறை ஓடவிட்டு ஃபிலிப்சனைப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் வழி அடைபட்டார் என்று உங்களுக்குத் தெரிவதை இங்கே எழுதினால் அதைப் பற்றி மேலும் பேச ஆவலாக இருக்கிறேன்.