பிஎம்டபிள்யூ எஞ்சினோடு வந்த டொயோட்டாவின் சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரை உண்மையான சுப்ரா என்று ஒத்துக்கொள்ளலாமா?

ஆறு சிலிண்டர் போட்டு வந்ததை ஒத்துக்கொள்வேன். நாலு சிலிண்டர் போட்டு அதே பெயரில் விற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பதில் அவ்வளவுதான். நேரம் இருக்கிறவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

கேள்வி கேட்ட தம்பியின் நண்பர்களுக்குள் நடக்கும் சண்டை இது: 2002-ல் நிறுத்திய சுப்ராவை 2019 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் டொயோட்டா மறுபடி இறக்கியது. பானட்டைத் தூக்கினால் உள்ளே பிஎம்டபிள்யூ எஞ்சின். அடித்தளம் பிஎம்டபிள்யூ இசட்4 காருக்கும் இதற்கும் ஒன்றே. இரண்டையும் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்திலுள்ள மாக்னா ஸ்டைர் தொழிற்சாலையில்தான் கட்டினார்கள். டொயோட்டா தன் அடையாளத்தையே விற்றுவிட்டது என்கிறார்கள் பாதிப் பேர். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசு என்கிறார்கள் மீதிப் பேர். அவர்களில் யாரும் ஓட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பது வேறு விஷயம்.

நானும் ஓட்டியதில்லை. எனக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எங்கள் ஊர் ரோட்டில் சுப்ரா ஓடி நான் பார்த்ததில்லை. இந்தியாவில் டொயோட்டா அதை விற்பனைக்குக் கொண்டுவரவும் இல்லை. ஆனால் இந்தச் சண்டையின் சின்ன வடிவம் என் கடை மேஜைக்கு முன்னால் அடிக்கடி நடக்கும். காரணம் கிளான்சா. 2019-ல் மாருதி பலேனோவுக்கு டொயோட்டா முத்திரை குத்தி வந்த கார் அது. போன மழைக்காலத்தில் ஒருத்தர் ஆயில் பில்டர் கேட்டு வந்தார். மாருதி டப்பாவை எடுத்து வைத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

“அண்ணாச்சி, நம்ம வண்டி டொயோட்டால்லா. இத எதுக்கு எடுத்து வைக்கீய?”

“உள்ள இருக்க எஞ்சின் ஒண்ணுதான அண்ணாச்சி. பில்டரும் ஒண்ணுதான்.”

“அது கெடக்கட்டும். டொயோட்டா டப்பால இருந்தா குடுங்க.”

இரண்டு டப்பாவையும் பிரித்துப் பில்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். மரை, ரப்பர் வளையம், உயரம், ஓட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் ஒன்று. விரலை விட்டுத் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார், டொயோட்டா டப்பாவையே வாங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு அவருடையது, எந்தப் பெயருக்குக் கொடுப்பது என்பதும் அவர் இஷ்டம். ஆனால் அவருடைய கோபம் டப்பாவைப் பற்றியது, வண்டியைப் பற்றியது இல்லை.

வண்டியைப் பற்றிய கோபம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஜங்ஷன் பக்கம் வாடகைக்கு இன்னோவா ஓட்டுகிறவர்களிடம் புது இன்னோவாவான ஹைகிராஸ் பற்றிப் பேச்சைக் கொடுக்க வேண்டும். என் கடைக்கு வருகிற ஒரு டிரைவர் சொன்னது:

“பழைய இன்னோவால குத்தால சீசனுக்கு ஆள ஏத்தி, மேல கேரியர்ல சாமான கட்டிட்டுப் போனாலும் பின்னால இருந்து தள்ளும்லா. இது முன்னால இருந்து இழுக்கு. பேரு மட்டுந்தான் வே இன்னோவா.”

2005-ல் வந்த இன்னோவாவும் 2016-ல் வந்த கிரிஸ்டாவும் தனிச் சேஸி மேல் உட்கார்ந்த, பின்சக்கரம் ஓட்டும் வண்டிகள்; ஓடியதில் பெரும்பாலும் டீசல். 2022-ல் வந்த ஹைகிராஸில் தனிச் சேஸி கிடையாது, டீசல் கிடையாது, ஓட்டுவது முன்சக்கரம். நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது பாரம் பின்னால் சாயும், முன் டயரின் பிடி குறையும். டிரைவர் சொல்வது அதைத்தான். சொகுசும் மைலேஜும் ஹைகிராஸில் கூடுதல் என்பதை அவரும் மறுக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, ஹைகிராஸ் டொயோட்டாவின் சொந்தச் சரக்கு. எஞ்சின் அவர்களுடையது, அடித்தளம் அவர்களுடையது. இருந்தும் பழகியவர்களுக்கு அது வேறு வண்டியாகிவிட்டது.

சுப்ரா சண்டையில் இந்த இரண்டு கோபத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் டப்பா கோபத்தை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா தனி ஆளாக நின்று செய்த பெரிய ஸ்போர்ட்ஸ் கார் எது? 1967-ல் வந்த 2000ஜிடி-யை இன்றைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு இரட்டை கேம் ஹெட் செய்து கொடுத்தது யமஹா, காரைக் கட்டியதும் யமஹா. டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்ஸஸ் 500 மட்டுமே செய்த எல்எஃப்ஏ, அதில் அலறும் 4.8 லிட்டர் வி10 எஞ்சின், அதுவும் யமஹாவோடு சேர்ந்து செய்தது. 2012-ல் வந்த டொயோட்டா 86-ல் இருப்பது சுபாருவின் படுக்கைவாட்டு எஞ்சின். கட்டியதும் சுபாருவின் தொழிற்சாலை. அந்த 86-க்குத் தலைமைப் பொறியாளராக இருந்த டெட்சுயா டாடாவிடம்தான் புதுச் சுப்ராவையும் ஒப்படைத்தார்கள். ஆக, அவர் புதிதாக எந்தச் சம்பிரதாயத்தையும் உடைத்துவிடவில்லை.

எல்லாரும் கும்பிடுகிற 1993 சுப்ராவையே எடுங்கள். அதன் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் முதலில் உட்கார்ந்தது சுப்ராவில் இல்லை. 1991-லேயே அரிஸ்டோ என்ற நாலு கதவு செடானில் வந்துவிட்டது. டர்போ சுப்ராவின் ஆறு கியர் மேனுவல் பெட்டி கெட்ராக் என்ற ஜெர்மன் கம்பெனியின் கைவேலை. ஜெர்மன் கியரைத் தட்டிக் கொண்டாடிவிட்டு ஜெர்மன் எஞ்சின் வந்ததும் கற்பு போய்விட்டது என்றால் எப்படி?

இனி வண்டியைப் பற்றிய கேள்வி. சுப்ரா என்றால் என்ன? 1978-ல் அது தனிக் காரே இல்லை. டொயோட்டாவின் செலிகா என்ற காரின் மூக்கை நீட்டி, நாலு சிலிண்டர் இருந்த இடத்தில் வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கியதுதான் செலிகா சுப்ரா. 1986-ல் செலிகா முன்சக்கர வண்டியாகிப் பிரிந்து போனபோது, சுப்ரா அதே ஆறு சிலிண்டர், அதே பின்சக்கரம் என்று தனியாக நின்றது. அந்த நீட்டிய மூக்குதான் அதன் பிறப்புச் சான்றிதழ். முன்னால் ஆறு ஒரே வரிசையில், பின்னால் தள்ளும் சக்கரம்.

புதுச் சுப்ராவை யோசிக்கும் காலத்தில் டொயோட்டாவிடம் அப்படி ஒரு பெட்ரோல் எஞ்சின் உற்பத்தியிலேயே இல்லை. எல்லாவற்றையும் வி6-க்கு மாற்றிவிட்டார்கள். முன்சக்கரக் காரில் குறுக்காகப் படுக்க வைக்க வி6 வசதி, நீளமும் குறைவு. ஆயிரக்கணக்கில் மட்டும் விற்கும் ஒரு காருக்காக முதலிலிருந்து ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின் செய்தால் கணக்குப் பிள்ளை கையெழுத்துப் போட மாட்டார். பிஎம்டபிள்யூவோ அந்த வகை எஞ்சினை விடாமல் செய்து வந்த கம்பெனி. சொந்த வி6-ஐத் திணித்திருந்தால் டப்பாவில் டொயோட்டா என்று இருந்திருக்கும், சுப்ரா இருந்திருக்காது. அடுத்த வீட்டில் வாங்கிப் போட்டதால் வரிசையான ஆறும் பின்சக்கரமும் தப்பின. பழைய 2ஜேஇசட் 2997 சிசி, பிஎம்டபிள்யூவின் பி58 எஞ்சின் 2998 சிசி. தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் லோட்டஸ், எடை குறைப்பதையே மதமாக வைத்திருந்த கம்பெனி. அவர்களுடைய எலிஸ் காரில் ஒரு காலத்துக்குப் பிறகு டொயோட்டாவின் நாலு சிலிண்டர் எஞ்சின்தான் ஓடியது. 2009-ல் வந்த எவோராவில் இருந்த வி6, டொயோட்டா கேம்ரியில் இருந்த அதே குடும்பம். லோட்டஸ் ரசிகன் எவனும் கேம்ரி வாங்கிவிட்டோமே என்று அழவில்லை. முதல் எலிஸ் முக்கால் டன்கூட வராது, எஞ்சின் யாருடையதாக இருந்தாலும் லோட்டஸாகவே இருந்தது. அவர்கள் நிஜமாக விலகியது 2022-ல், இரண்டரை டன் பக்கம் எடையுள்ள எலெட்ரா என்ற மின்சார எஸ்யூவி போட்டபோது. அங்கே கத்தியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் புதுச் சுப்ராவில் குறையே இல்லையா? இருக்கிறது, ஆனால் எஞ்சின் முத்திரையில் இல்லை. பழையதில் பேருக்காவது இருந்த பின் சீட் போய்விட்டது. பானட்டிலும் கதவிலும் காற்று போகிற மாதிரி வெட்டி, உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய ஷேர் ஆட்டோவில் பார்த்தால் சிரிப்போம், இதில் சிரிக்கக் கூடாதா? மேனுவல் கியர் 2022 வரை வரவில்லை. அது வரை எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும். வேகத்தில் அது மேனுவலைவிட நல்லது என்பார்கள். வேகம் மட்டும் போதும் என்கிறவன் சுப்ராவைத் தேடி வர மாட்டான்.

அடுத்தது நாலு சிலிண்டர். அதே உடம்பில் 2 லிட்டர் எஞ்சினை வைத்து, மலிவு மாடலாக அதே பெயரில் விற்றார்கள். எடை குறைவு, மூக்கு லேசு, திருப்பத்தில் இன்னும் நன்றாக வளைகிறது என்று புகழ்கிறவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். நல்ல கார்தான். ஆனால் நாலு சிலிண்டர் செலிகாவிலிருந்து பிரிந்து வரத்தான் அந்தப் பெயரே பிறந்தது. அந்த மாடலுக்குச் செலிகா என்று பெயர் வைத்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

எனக்குப் பெரிய குறை இன்னொன்று. மேலப்பாளையத்துக்காரர் ஒரு பாய், ஷார்ஜாவில் பல வருஷம் கராஜில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், இப்போது சாமான் வாங்க என் கடைக்கு வருவார். அங்கே பழைய சுப்ராவைக் கழற்றி மாட்டியே கை காய்த்துப் போனவர். ஜப்பானில் அந்தக் கார் 280 எச்பி என்றுதான் காகிதத்தில் இருக்கும். கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எழுதாத வரம்பு அது. இரும்பு பிளாக் தாங்குகிற தாங்கலுக்கு இரட்டை டர்போவைக் கழற்றி ஒரு பெரிய டர்போ, உள்ளே தடித்த ராடு, நல்ல பிஸ்டன் என்று போட்டு 1000 எச்பி வரை கொண்டு போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கம்பெனி முடித்து அனுப்பிய காரை ஒரு சந்துக் கராஜ் மேற்கொண்டு கட்டலாம் என்பதுதான் சுப்ராவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது.

பி58-ம் சளைத்தது இல்லை. அலுமினியம் பிளாக்தான், ஆனால் சிலிண்டரைச் சுற்றி மேலே மூடிய கட்டு, நல்ல பலம். பிஸ்டன், ராடு எதையும் தொடாமலே 500 எச்பியைத் தாண்டியவர்கள் நிறைய. பாய் அதை ஒத்துக்கொள்கிறார். அவருடைய ஆத்திரம் வேறு. 2020 நடுவிலிருந்து வந்த வண்டிகளில் எஞ்சினின் கணினிப் பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். அதைத் திறக்காமல் பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்ற முடியாது. திறக்க வேண்டுமானால் பெட்டியைக் கழற்றி, அதற்கென்று இருக்கிறவர்களிடம் அனுப்பிக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

“முன்ன ஸ்பேனர எடுத்தா வேல ஓடும். இப்ப வண்டி ஏன்கிட்ட நிக்கி, பூட்டு எவன்கிட்டயோ இருக்கு. என்னத்தச் செய்ய?”

விலகல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். அதையும் சுப்ராவின் தனிக் குற்றமாக எழுதிவிட முடியாது, இப்போது வருகிற கார்களில் பாதிக்கு இதே கதை.

சொந்த எஞ்சின்தான் வேண்டும் என்று இன்னும் அடம்பிடிக்கிறவர்களுக்கு டொயோட்டா 2020-ல் ஜிஆர் யாரிஸ் என்று ஒன்று இறக்கியது. எஞ்சினும் அவர்களே, கட்டியதும் ஜப்பானில் அவர்களே. 1.6 லிட்டர் டர்போ, மேனுவல் கியர், நாலு சக்கரமும் ஓட்டும், ஜப்பான் மாடலுக்கு அப்போது 272 பிஎஸ். மூன்று சிலிண்டர்தான், யாரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெயரில் இத்தனை சிலிண்டர் இருக்கும் என்று அதற்கு முன்பு யாரும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. அதையும் இந்தியாவில் விற்கவில்லை.