செராமிக் பிஸ்டன் போட்டால் இன்ஜின் சூடாகாதா?

கேள்வி: என் பெட்ரோல் கார் ஆயில் குடிக்க ஆரம்பித்ததால் இன்ஜினைப் பிரித்தோம். பிஸ்டனிலும் சிலிண்டரிலும் கோடு விழுந்திருக்கிறது. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டன் போட வேண்டும். ஸ்பேர்ஸ் வாங்கித் தருபவர், "சாதா அலுமினியம் வேண்டாம், செராமிக் பிஸ்டன் அல்லது கார்பன் காம்போசிட் பிஸ்டன் போடுங்கள், இன்ஜின் சூடாகாது, மைலேஜும் கூடும்" என்கிறார். விலை பல மடங்கு. அதன் மேல் இருக்கும் கோட்டிங் உரிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். கூடவே, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் முன் பிரேக் கேலிபரில் இருப்பது பிளாஸ்டிக் பிஸ்டன், அதை ஸ்டீலுக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இன்ஜினுக்கு, கம்பெனி போட்டிருந்த அதே வகை அலுமினியக் கலவை பிஸ்டனையே வாங்குங்கள். பிரேக்கில் இருப்பதை ஸ்டீலுக்கு மாற்றாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

உங்களிடம் செராமிக் பிஸ்டன் என்று விற்கப்படுவது செராமிக்கால் செய்த பிஸ்டன் அல்ல. அலுமினியப் பிஸ்டனின் தலையில் மட்டும் மெல்லிய செராமிக் பூச்சு, பெரும்பாலும் ஸிர்கோனியா. முழுக்க செராமிக்கில் செய்து கடையில் வைத்து விற்கும் கார் பிஸ்டனை நான் பார்த்ததில்லை. செராமிக் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 200 தடவை நின்று திரும்புகிறது. அப்படித் திரும்பும் கணத்தில் 300 கிராம் பிஸ்டன், தன்னைத் தாங்கி நிற்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை அரை டன் எடைக்கும் மேல். எங்காவது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் போதும், செராமிக் நொறுங்கிவிடும்.

சரி, பூச்சாவது நல்லதுதானே என்பீர்கள். இங்கேதான் "சூடாகாது" என்ற பேச்சு ஆளை ஏமாற்றுகிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனில் உள்ள அலுமினியம்-சிலிக்கான் கலவை 600 டிகிரிக்குள்ளேயே உருக ஆரம்பித்துவிடும். அப்படியும் பிஸ்டன் உருகாமல் இருப்பது, வாங்கிய வெப்பத்தை உடனே கைமாற்றிவிடுவதால்தான். ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கு, அங்கிருந்து கூலன்ட்டுக்கு. ஒரு பங்கு ஆயிலுக்கு. பிஸ்டனின் பாதி வேலையே இதுதான். தலையில் செராமிக் பூசினால் அலுமினியத்துக்குள் இறங்கும் வெப்பம் கொஞ்சம் குறையும், உண்மை. ஆனால் பூச்சின் மேல்பரப்பு அதிகமாகச் சூடேறி நிற்கும். பெட்ரோல் இன்ஜினில் உள்ளே வரும் கலவையை அந்தச் சூடு முன்கூட்டியே காய்ச்சிவிட்டால் நாக்கிங் வரும், அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும். எந்த பிஸ்டனைக் காப்பாற்றப் பூசினீர்களோ, அதற்கே அடி விழும்.

இந்த ஆசை புதிதல்ல. அமெரிக்க ராணுவமும் கம்மின்ஸ் நிறுவனமும் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும், செராமிக்கால் வெப்பத்தை அடைத்துவைத்து கூலன்ட்டே இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜினுக்காகப் பெரிய அளவில் உழைத்தன. மிச்சப்பட்ட வெப்பத்தில் பெரும்பங்கு சைலன்ஸர் வழியாகத்தான் போனது. அந்தச் சூட்டில் ஆயில் தாக்குப்பிடிப்பதும் பெரும்பாடாக இருந்தது. அவ்வளவு பேர் முட்டிமோதியும் நம் கார்களுக்குள் வராத ஒன்று, ஒரு அட்டைப் பெட்டியில் வந்துவிட்டது என்றால் நம்ப முடிகிறதா?

கார்பன் காம்போசிட் கதை இன்னும் சுவாரஸ்யம். நாசாவின் லாங்லி ஆய்வு மையம் 1980களில் தொடங்கி கார்பன்-கார்பன் (கார்பனுக்குள்ளேயே கார்பன் இழைகளைப் பதித்த) பிஸ்டன்களில் உண்மையாகவே வேலை செய்தது. அலுமினியத்தைவிட எடை குறைவு. முக்கியமாக, சூட்டில் அது பெருப்பதே இல்லை எனலாம். 75 மி.மீ. விட்டமுள்ள அலுமினியம் 150 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.22 மி.மீ. பெருக்கும். அதற்கு இடம்விட்டுத்தான் பிஸ்டனை முழு வட்டமாகச் செய்யாமல் லேசான முட்டை வடிவில், தலைப்பக்கம் சிறுத்தபடி செய்கிறார்கள். கார்பனுக்கு இந்த வித்தை அதிகம் தேவையில்லை. ஆனால் 400, 500 டிகிரிக்கு மேல் காற்று பட்டால் கார்பன் மெல்ல எரிந்து தேயும். அதைத் தடுக்கத் தனிப் பூச்சு, செய்வதற்கு வாரக்கணக்கான சூளை வேலை. அதே காலத்தில் மாட்டி ஹோல்ட்ஸ்பெர்க் என்ற பொறியாளர், பெரும்பகுதியை பிளாஸ்டிக் காம்போசிட்டில் செய்த 'பாலிமோட்டார்' என்ற இன்ஜினை ரேஸ் காரிலேயே ஓடவிட்டார். பிளாஸ்டிக் மேல் அத்தனை காதல் கொண்டவரும் பிஸ்டனின் தலையை உலோகத்தில்தான் வைத்தார்.

அப்படியானால் அந்த 'கார்பன் பிஸ்டன்' பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பிஸ்டனின் பக்கவாட்டில், அதாவது ஸ்கர்ட்டில், கறுப்பாக ஒரு திட்டு. அது வெப்பம் தாங்கும் ரெசினில் கிராஃபைட்டையோ மாலிப்டினம் டைசல்ஃபைடையோ கலந்து பூசியது. நல்ல பொருள்தான். ஆயில் சரியாக ஏறாத முதல் நொடிகளில் உரசலைக் குறைக்கும். ஆனால் கழற்றிய உங்கள் பழைய பிஸ்டனைத் துடைத்துப் பாருங்கள், அதிலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்போதைய பெரும்பாலான பிஸ்டன்களில் இது சாதாரணமாக வருவது. அதற்குப் பல மடங்கு விலை கேட்பதை என்னவென்று சொல்வது!

இதிலும் ஒரு கில்லாடித்தனம் உண்டு. சாதா பிஸ்டனை வாங்கி, மணல் அடித்து, ஏதோ ஒரு கறுப்பைத் தெளித்து, புதுப் பெட்டியில் போட்டுக் கொடுப்பது. ரிங் பள்ளத்தில் ஒட்டிய மணல் பிறகு சிலிண்டரைத் தின்னும். பூச்சை இறுக்க வைக்கும் சூளையில் சூடு கூடிப்போனால் அலுமினியத்தின் வலுவே இறங்கிவிடும். தின்னரில் நனைத்த துணியால் ஸ்கர்ட்டை அழுத்தித் துடையுங்கள். கறுப்பு துணியில் ஏறினால் அது வெறும் பெயின்ட், அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

பொருளின் பெயரைக் கேட்காதீர்கள், கிளியரன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியைச் சொல்லும் தாள் பெட்டியில் இல்லையென்றால், அது தங்கத்தில் செய்திருந்தாலும் வேண்டாம். ஒரு சாதாரண போல்ட்டின் தலையில் 8.8 என்று அதன் வலுவைப் பொறித்துத்தான் விற்கிறார்கள். இன்ஜினின் உயிரான பிஸ்டனில் என்ன கலவை, எத்தனை மைக்ரான் பூச்சு, எங்கே வைத்து அளக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதாத பெட்டிகள் சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் எழுதுவதில்லை.

பிஸ்டன் கைக்கு வராமல் ரீபோருக்குக் கொடுக்காதீர்கள். "0.50 ஓவர்சைஸ்தானே, அடித்து வைக்கிறேன்" என்பார்கள். வேண்டாம். ஒவ்வொரு பிஸ்டனையும், அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்குக் குறுக்காக, தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில், மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகுதான் போர். பூச்சுள்ள பிஸ்டனில் இன்னொரு சிக்கல்: ஒரு பக்கம் 15 மைக்ரான் (0.015 மி.மீ.) என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.03 மி.மீ. விடவேண்டிய மொத்த இடைவெளியே அதற்குச் சற்று மேல்தான் இருக்கும். அளவு பூச்சோடா, பூச்சில்லாமலா என்று தெரியாமல் அடித்தால் ஒன்று இறுகும், இல்லை கடகடக்கும். அளப்பதற்கென்றே பூச்சில்லாத சின்ன வட்டம் விட்டிருக்கும் பிஸ்டன்களும் உண்டு. எக்காரணம் கொண்டும் பூச்சை உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்த விடாதீர்கள்.

உங்கள் மெக்கானிக் சொன்னதும் பாதி சரி. மட்டமான பூச்சு உரியும், ஒழுங்காகச் செய்தது லேசில் உரியாது.

இனி பிரேக். இங்கே நான் கட்சி மாறுகிறேன். டிஸ்க் பிரேக் கேலிபரில் இருக்கும் அந்த 'பிளாஸ்டிக்', ஃபீனாலிக் ரெசினில் இழைகளையும் தாதுத்தூளையும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்தது. குக்கர் கைப்பிடியின் பேக்லைட்டும் இதே குடும்பம்தான், அங்கே உங்கள் கையைச் சுடாமல் காப்பதைத்தான் இங்கே பிரேக் ஆயிலுக்குச் செய்கிறது. பிரேக் பேட் பல நூறு டிகிரி சூடேறும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில், ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரியில் கொதித்தாலும் தரவிதி அதை ஏற்றுக்கொள்கிறது. கொதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. சூட்டை எளிதில் கடத்தாத பிஸ்டன் அந்தக் கொதிப்பைத் தள்ளிப்போடுகிறது. துருவும் பிடிக்காது. சில கார்களுக்குக் கம்பெனியே குரோம் பூசிய ஸ்டீல் பிஸ்டன் போடுகிறது, அது வேறு. அங்கே கேலிபரே அதற்காக வடிவமைத்தது. உங்களுடையதில் ஃபீனாலிக் வந்திருக்கிறது என்றால் ஃபீனாலிக்தான். அப்படியே இருந்தாலும் சோதனை வேண்டும். வெளி விளிம்பில் பொடிச் சிதைவு இருந்து, அது தூசி ரப்பர் உட்காரும் பள்ளம்வரை வரவில்லையென்றால் பாதகமில்லை. விரிசல் இருந்தாலோ, சீல் உரசும் பக்கவாட்டில் கீறல் இருந்தாலோ, ஊறிப் பெருத்து இறுகினாலோ புது ஃபீனாலிக் பிஸ்டன் போடுங்கள். குறட்டால் பிடித்து இழுக்கக் கூடாது. பெட்ரோலிலோ இன்ஜின் ஆயிலிலோ கழுவக் கூடாது, சீல் ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயிலாலேயே துடைக்கலாம்.

இவ்வளவு கேட்டீர்கள், பிஸ்டனில் கோடு ஏன் விழுந்தது என்று யாராவது பார்த்தார்களா? காரணத்தை விட்டுவிட்டு எதைப் போட்டாலும் திரும்பவும் கோடு விழும். பின்னின் இருபுறமும் நான்கு மூலைகளிலும் உரசியிருந்தால் அதிகச் சூட்டைச் சந்தேகிக்கலாம்: தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், வாட்டர் பம்ப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டின் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் ஆயில் பக்கம் பாருங்கள். பழைய பிஸ்டன்களை எந்தச் சிலிண்டர், எந்தப் பக்கம் முன் என்று மார்க்கரால் குறித்து, எடைக்குப் போடும் முன் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.