லண்டன் வரை போன வழக்கும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கும்

(பினாங்கு லைட் ஸ்ட்ரீட் வழக்கறிஞர் அலுவலகத்தில் 34 ஆண்டுகள் கெராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வுபெற்ற அக்கா, இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அக்கா, நைஜீரியாவில் எண்ணெய்க் கசிவால் பிழைப்பை இழந்த மீனவர்கள் ஷெல் கம்பெனியை லண்டன் கோர்ட்டுக்கே இழுத்தார்களாமே? கிராமத்து ஆட்களால் அது எப்படி முடிந்தது? காசு கைக்கு வந்ததா?
– வாசகர், பட்டர்வொர்த்

வந்தது தம்பி. ஊர் பேர் போடோ. 2008-இல் அந்தப் பக்கம் போகும் ஷெல் எண்ணெய்க் குழாய் இரண்டு தடவை உடைந்து, ஓடையும் அலையாத்திக் காடும் எண்ணெயில் ஊறிப்போயின. 2015 ஜனவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. மொத்தம் 5.5 கோடி பவுண்டு. அதில் 3.5 கோடி, 15,600 மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும். மீதி ஊருக்குப் பொதுவில். ஆளுக்கு ஏறக்குறைய 2,200 பவுண்டு கிடைத்தது. ஆரம்பத்தில் முழு ஊருக்கும் சேர்த்து 4,000 பவுண்டுதான் தர வந்தார்கள் என்று அந்த மக்களின் வழக்கறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அந்தத் தொகையை அல்ல, ஒரு வீடியோவை. முதல் கசிவு அக்டோபர் 5-இல் தொடங்கியது, மொத்தமே 1,640 பீப்பாய்தான் என்றது ஷெல் தரப்பும் கலந்துகொண்ட விசாரணை அறிக்கை. ஊர்க்காரர்கள் ஆகஸ்ட் 28 என்றார்கள். எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த வீடியோவை அமெரிக்க நிபுணர்கள் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு நாளைக்கே 1,440 முதல் 4,320 பீப்பாய் வரை போயிருக்கும் என்றார்கள்! தன் கணக்கு குறைவுதான் என்று 2014-இல் ஷெல்லே ஒப்புக்கொண்டது. தேதியும் அளவும் கையில் இருந்ததால்தான் அந்த மக்களின் பேச்சு எடுபட்டது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தென் செபராங் பிறையிலிருந்து ஒரு மலாய் மீனவரும் அவர் மனைவியும் ஆபீசுக்கு வந்தார்கள். ஒரு தொழிற்சாலைக் கழிவெண்ணெய் ஆற்று வாயில் கலக்கிறது என்று புகார். கோணிப்பையில் வலையைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். பிரித்துப் போட்டதும் கண்ணி கண்ணியாகக் கறுப்புப் பிசின். ஆபீஸ் தரையில் பட்ட கறை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். சீனர் கடையில் இனாமாகத் தரும் நாள்காட்டித் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அன்றைக்கு எத்தனை காத்தி (பழைய எடைக் கணக்கு) மீன், எவ்வளவுக்கு விற்றது என்று பென்சிலில் எழுதியிருந்தார். 18, 15, 6, 2 என்று இறங்கிக்கொண்டே வந்தது. எங்கள் லாயர் அதை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதைவிட நல்ல சாட்சியம் நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர்கள் வந்தது ஏழாவது வருடத்தில். மீன் வருவது அதற்கு முன்பே சுத்தமாக நின்றுபோய், அவர் கடலுக்குப் போவதையும் விட்டிருந்தார். தீபகற்ப மலேசியாவில் இப்படிப்பட்ட நஷ்டஈட்டு வழக்குக்குக் காலக்கெடு ஆறு வருடம். கோப்பைத் திறக்காமலே மூடினோம். அந்தத் தாள்களைத் திரும்பக் கட்டி அந்த அம்மா கையில் கொடுத்தது நான்தான். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, லண்டன் விஷயத்துக்கு வருவோம். "அது எங்கள் கிளைக் கம்பெனி செய்தது, நைஜீரியாவில் போய்க் கேளுங்கள்" என்பதுதான் தாய்க் கம்பெனிகளின் வழக்கமான வாதம். ஓகாலே, பில்லே என்ற இன்னும் இரண்டு நைஜீரிய ஊர்களின் வழக்கை லண்டனிலேயே விசாரிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. ஹாலந்தில் 2008-இல் நைஜீரிய விவசாயிகள் ஷெல்மேல் போட்ட வழக்கு 2022 டிசம்பரில் 1.5 கோடி யூரோவுக்கு முடிந்தது. வழக்குப் போட்ட அப்பாக்களில் சிலர் அதற்குள் இறந்துபோக, பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பேராக் புக்கிட் மேராவில் கதிரியக்கக் கழிவு கொட்டிய ஏசியன் ரேர் எர்த் ஆலைமேல் 1985-இல் எட்டுப் பேர் ஊருக்காக வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தோற்ற மறு மாதமே, 1994 ஜனவரியில், மூடுவதாக ஆலை அறிவித்தது! அத்தனை வருடம் ஊர் விடாமல் நின்றது வீண்போகவில்லை.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு கார் பட்டறை, கழித்த என்ஜின் ஆயிலை ராத்திரியில் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) ஊற்றுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு நாற்றத்தில் தலைவலி. என்ன செய்யலாம்?
– ஒரு பாட்டி, பிறை

அம்மா, கழித்த மசகு எண்ணெய் 2005-ஆம் ஆண்டு விதிப்படி பட்டியலிட்ட அபாயக் கழிவு. லோங்காங்கில் ஊற்றுவது குற்றம். சுற்றுச்சூழல் துறைக்கும் செபராங் பிறை மாநகராண்மைக் கழகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். நீங்களே பாட்டிலில் பிடித்து வைக்கும் தண்ணீர் கோர்ட்டில் அவ்வளவாக நிற்காது, "எங்கிருந்து எடுத்தாய்" என்று கேட்பார்கள். ஊற்றும் நேரத்திலேயே கூப்பிட்டு அதிகாரியை மாதிரி எடுக்க வையுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, நோட்டில் நாள், மணி, பார்த்தது, கூட நின்றவர் யார், பிள்ளை கிளினிக் போன ரசீது. அண்டை வீட்டாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பட்டறைக்காரர் உங்கள் ஒருவர்மேல் பாய முடியாது. அப்புறம், அரசாங்கத் துறை கடமை தவறியது என்று துறைமேலேயே வழக்குப் போடுவதானால் ஆறு வருடம் கிடையாது, 36 மாதம்தான்.

கம்பெனிமேல் வழக்குப் போட்டுவிட்டு, சுஹாகாமுக்கும் (மலேசிய மனித உரிமை ஆணையத்துக்கும்) எழுதலாமா?
– வாசகர், ஜாலான் பாரு

முதலில் சுஹாகாமுக்கு எழுதுங்கள். கோர்ட்டில் நடக்கும் விஷயத்தை அவர்கள் விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதற்காக வழக்கின் காலக்கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள். கடிதம் போட்ட அன்றே நாள்காட்டியில் அந்தக் கடைசித் தேதியையும் வட்டம் போட்டு வையுங்கள்.