மகன் யுத்த வரலாறு எழுதப் போகிறானாம்: களுவாஞ்சிக்குடித் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, யுத்த வரலாறு எழுதி மகன் பிழைக்க முடியுமா, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம் மட்டும் எழுதி வயிறு வளர்ப்பது நம் நாட்டில் லேசில் நடக்காது. இதை மகனிடம் ஒளிக்க வேண்டாம். அவன் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற அமெரிக்க யுத்த வரலாற்றாசிரியர் ஸ்டீபன் அம்ப்ரோஸும் நியூ ஓர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாதச் சம்பளத்துக்குப் படிப்பித்தவர்தான். இரண்டாம் உலகப் போரின் நோர்மண்டித் தரையிறக்கம் பற்றிய அவரது நூல் 1994இல் அமோகமாக விற்றபோது வயது 58. அடுத்த வருடம்தான் வேலையை விட்டார்.

ஆகவே முதலில் சம்பளத்துக்கு வழி பார்ப்போம். உயர்தரத்தில் வரலாற்றோடு புவியியலும் எடுக்கட்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக்கோடு வாசிக்கத் தெரியாதவன் சண்டைக்களத்தை எழுதினால் மேடு பள்ளமாகும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ கலைப்பட்டம். பிறகு ஆசிரியர் சேவை, நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சை, தொல்பொருள், ஊடகம். ஆங்கிலத்தை இன்றே தொடங்கட்டும். மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையை எழுத ஆசையென்றால் ஒல்லாந்து மொழியும் வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனிப் பதிவேடுகள் கொழும்புச் சுவடிகள் திணைக்களத்தில் பழங்காலக் கையெழுத்தில் இருக்கின்றன.

இனி, நீங்கள் கேட்காத விஷயம். எங்களுக்கு அதுதான் பெரிய கவலை.

இரண்டாம் உலகப் போரின் பி-24 குண்டுவீச்சு விமானிகளைப் பற்றி அம்ப்ரோஸ் 2001இல் ஒரு நூல் போட்டார். பேராசிரியர் தோமஸ் சில்டர்ஸின் வரிகள் அதில் அச்சொட்டாக இருப்பது 2002 ஜனவரியில் வெளிவந்தது. அடிக்குறிப்பில் சில்டர்ஸின் பெயர் இருந்தது. மேற்கோள் குறிதான் இல்லை. மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. பழைய நூல்களையும் துருவத் தொடங்கினார்கள். அந்த ஒக்டோபரில் அம்ப்ரோஸ் காலமானார்.

இந்தப் பிழை அச்சகத்தில் வருவதில்லை, கொப்பியில் வருகிறது. பிள்ளைகள் ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்து, பிறகு பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். மூன்று மாதம் போனால் எது தன் வரி, எது அடுத்தவர் வரி என்று அவர்களுக்கே தெரியாது. மகனின் கொப்பியை விரித்துப் பாருங்கள். இடப்பக்கம் பார்த்து எழுதிய வரிகள்: எழுதும்போதே மேற்கோள் குறி, நூல், பக்க எண். வலப்பக்கம் புத்தகத்தை மூடிவைத்து எழுதிய சொந்த வரிகள். இரண்டும் கலந்து கிடந்தால் இப்போதே பிரிக்கச் சொல்லுங்கள்.

மற்றது பேட்டி. நோர்மண்டித் தரையிறக்கத்தின் தளபதியும் பின்னாள் அமெரிக்க ஜனாதிபதியுமான ஐசன்ஹோவருடன் நூற்றுக்கணக்கான மணி நேரம் பேசியதாக அம்ப்ரோஸ் சொல்லிவந்தார். ஐசன்ஹோவரின் நாளாந்தப் பதிவேட்டை 2010இல் ஒப்பிட்டபோது சந்திப்பு மூன்றுதான், மொத்தம் ஐந்து மணி நேரமும் தேறவில்லை. பேட்டி நடந்ததாக அம்ப்ரோஸ் குறித்திருந்த சில தேதிகளில் ஐசன்ஹோவர் வேறு ஊரில் இருந்திருக்கிறார்! இறந்தவர் வந்து மறுக்கமாட்டார், பதிவேடு மறுக்கும்.

மகன் படுவான்கரைப் பக்கம் ஒரு பெரியவரிடம் பேசப் போனால், முதலில் சம்மதம் கேட்கட்டும். பிறகு ஒலிப்பதிவைத் தொடங்கியதும் தேதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லட்டும். முடிக்கும்போது நேரத்தை மறுபடி சொல்லட்டும். நடந்த வருடத்தை வெறுமனே கேட்டால் பதில் தடுமாறும். "புயலுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேட்டால் 1978ஆம் ஆண்டுப் புயலை வைத்து ஆட்கள் சரியாகச் சொல்வார்கள். பேசியவரின் பெயர் பேட்டிக் கொப்பியில் வரக்கூடாது, இலக்கம் மட்டும். பெயர்கள் வேறொரு கொப்பியில், உங்கள் அலுமாரியில் பூட்டி இருக்கட்டும்.