கண்டங்களின் விளிம்பில் கிரானைட் பெருந்திரள்கள் உருவாவது எப்படி? கேள்வி பதில்

கண்ட விளிம்புகளை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கிரானைட் பெருந்திரள்களைப் பாத்தோலித் என்கிறோம். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பெரும்பாலும் கலிபோர்னியாவின் சியெரா நெவாடாவை முன்வைத்தே பதில் எழுதுகிறேன். அங்கே பனியாறுகள் மண்ணையும் தளர்ந்த பாறையையும் வழித்தெடுத்துவிட்டதால், பாறைகளுக்கிடையே உள்ள எல்லைகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அவ்வளவு தெளிவான இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

கேள்வி: ஐயா, கடற்தட்டு கண்டத்துக்கு அடியில் அமிழும்போது அதுவே உருகிக் கிரானைட் ஆகிறது என்று படித்தேன். சரிதானா?

பொதுவாக அப்படி நடப்பதில்லை. அமிழும் தட்டு குளிர்ந்தது. சில சிறப்பான சூழல்களில் மட்டுமே அது உருகுகிறது. வழக்கமாக அது கீழே கொண்டுசெல்வது நீரைத்தான். கடலடிப் பாறைகளின் கனிமங்களுக்குள் பிணைந்திருக்கும் நீர், அழுத்தமும் வெப்பமும் ஏற ஏற விடுபட்டு, மேலே உள்ள கவசப் பாறைக்குள், அதாவது மேலோட்டுக்கு அடியில் உள்ள தடித்த அடுக்குக்குள், புகுகிறது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் அதன் உருகுநிலை குறைவதைப்போல, நீர் புகுந்த கவசப் பாறையின் உருகுநிலையும் குறைகிறது. வெப்பம் கூடாமலேயே அது ஓரளவு உருகத் தொடங்குகிறது. அப்படிப் பிறப்பது கிரானைட் அல்ல, சிலிக்கா குறைந்த கரும்பாறையான பசால்ட்டின் குழம்பு.

அந்தப் பசால்ட் குழம்பு மேலேறிக் கண்ட மேலோட்டின் அடிப்பகுதியில் தங்குகிறது. அங்கே இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. குழம்பு குளிர்கையில் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனிமங்கள் முதலில் படிகமாகிப் பிரிவதால், எஞ்சும் திரவத்தில் சிலிக்கா கூடிக்கொண்டே போகிறது. அதே வேளையில், பசால்ட் கொண்டுவந்த வெப்பத்தால் சுற்றியுள்ள பழைய மேலோட்டுப் பாறையும் ஓரளவு உருகுகிறது. இவ்விரண்டும் கலந்து மேலேறுவதே நாம் காணும் கிரானைட்டுக்கும், அதன் நெருங்கிய உறவுப் பாறைகளான கிரானோடையோரைட், டோனலைட் ஆகியவற்றுக்கும் மூலக்குழம்பு. எந்தப் பங்கு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

கேள்வி: அந்தக் கலப்பை எப்படி அறிகிறார்கள்?

ஐசோடோப்புகளால், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களால். பழைய கண்டப் பாறையில் ருபீடியம் நெடுங்காலமாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆக மாறியிருப்பதால், அதில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் கவசத்தில் இருப்பதைவிட உயர்ந்திருக்கும். கிஸ்லர், பீட்டர்மன் என்ற ஆய்வாளர்கள் 1973இல் சியெரா நெவாடாப் பாறைகளின் தொடக்க விகிதம், அதாவது பாறை இறுகியபோது இருந்த விகிதம், 0.706ஆக உள்ள இடங்களை இணைத்து ஒரு கோடு வரைந்தார்கள். கோட்டுக்கு மேற்கே, கடலடியிலிருந்து வந்து கண்டத்தோடு ஒட்டிய இளம் பாறைகளின் வழியே குழம்பு ஏறியிருக்கிறது. கிழக்கே பழைய கண்டத்தின் வழியே ஏறியிருக்கிறது. மேற்பரப்பில் கிடக்கும் ஒரு கல்லை வைத்து, அதற்கு அடியில் புதைந்திருக்கும் கண்டத்தின் பழைய விளிம்பை வரைய முடிந்தது இத்துறையின் மிக அழகான சாதனைகளில் ஒன்று என்று கருதுகிறேன்.

கேள்வி: அவ்வளவு பெரிய குழம்புக் கடல் ஒரே நேரத்தில் நிலத்தடியில் இருந்ததா?

இல்லை. இந்தப் படம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டதால், சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. சியெரா நெவாடா பாத்தோலித் சுமார் 600 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஆனால் அது மேலோட்டுக்குள் புகுந்து இறுகிய குழம்புத் திரள்களின், அதாவது நூற்றுக்கணக்கான தனித்தனி ஊடுருவல்களின், தொகுப்பு. டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலத்தில் தொடங்கி ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, இடைவெளி விட்டு விட்டு அது வளர்ந்தது.

ஒரு தனி ஊடுருவலும்கூட ஒரே மூச்சில் உருவானதல்ல என்பதைக் கிரானைட்டில் உள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் நுண்படிகங்கள் காட்டின. சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கிவிடும். ஆகவே பின்னர் அதில் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானதே; அது காலத்தை அளக்க உதவுகிறது. சியெராவில் உள்ள யொசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹாஃப் டோம் குன்றின் பெயரைக் கொண்ட கிரானோடையோரைட்டை 2004இல் கோல்மன், கிரே, கிளாஸ்னர் ஆகியோர் இவ்வாறு அளந்தபோது, அந்த ஒரே பாறை அலகு சுமார் 40 லட்சம் ஆண்டுகளில் படிகமானது தெரிந்தது. அது சேர்ந்திருக்கும் டுவாலமி தொகுதி முழுவதற்கும் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆயின. சில கிலோமீட்டர் ஆழத்தில் ஒரே அறையாகத் தேங்கிய குழம்பு அவ்வளவு காலம் உருகிய நிலையில் தாக்குப்பிடிக்காது. வெப்பக் கடத்தலின் கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. எனவே சிறு சிறு வரவுகள், முன்னது இறுகியோ பாதி இறுகியோ இருக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பழைய சிர்க்கான்கள் புதிய குழம்பில் கலந்து வரக்கூடும் என்றும், சில காலங்களில் பெரிய அளவில் படிகமும் திரவமும் கலந்த சேறு இருந்திருக்கும் என்றும் களத்தில் உழைத்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் கொதிக்கும் ஒற்றைப் பெருங்குளம் என்ற படத்துக்குத் திரும்ப வழியில்லை.

கேள்வி: இவ்வளவு பாறை உள்ளே வர இடம் எங்கிருந்து கிடைத்தது?

மேற்கூரை உடைந்து துண்டுகளாகக் குழம்புக்குள் அமிழலாம். குழம்பு தங்கும் இடத்தின் தளம் கீழே இறங்கலாம். மேலோடு பக்கவாட்டில் விரியலாம். குழம்பின் ஒரு பகுதி அடிமேலோட்டிலிருந்தே வந்ததால், மேலே நிரம்பும்போது கீழே அந்த அளவுக்குக் குறைகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கேள்வி: பசால்ட்டிலிருந்து கிரானைட் பிரிந்தால், மீதி எங்கே போயிற்று?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கணக்குப்படி, மேலே காணும் கிரானைட்டுக்கு ஈடாகவோ அதைவிட மிகுதியாகவோ, கார்னெட், பைராக்சீன் என்ற கனத்த கனிமங்கள் நிறைந்த அடர்த்தியான எச்சம் அடியில் இருந்தாக வேண்டும். இன்று சியெராவின் அடியில் நிலநடுக்க அலைகள் அப்படிப்பட்ட கனத்த வேரைக் காட்டுவதில்லை. ஆனால் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலைக் குழம்புகள் கொண்டுவந்த ஆழ்பாறைத் துண்டுகளில் அந்தக் கார்னெட் பாறை இருக்கிறது. கடந்த சில லட்சம் ஆண்டுகளில் வெடித்தவை அதைக் கொண்டுவரவில்லை. டூசியா, சலீபி என்ற ஆய்வாளர்கள் 1990களில் இதைச் சுட்டிக்காட்டி, கவசத்தைவிடக் கனமான அந்த வேர் இடைப்பட்ட காலத்தில் பிய்ந்து கீழே இறங்கிவிட்டது என்றார்கள். கலிபோர்னியாவின் பெரும் பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதிக்கு அடியில் அலைகள் வேகமாகச் செல்லும் ஒரு திரளை அந்த வேர் என்று சிலரும், அமிழ்ந்த பழைய தட்டின் மிச்சம் என்று சிலரும் கொள்கிறார்கள். கண்ட மேலோடு சராசரியாகப் பசால்ட்டைவிடச் சிலிக்கா மிகுந்திருப்பதற்கு இந்தப் பிரிந்து விழுதல் முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: இந்தியாவில் இத்தகைய பாத்தோலித் உண்டா?

லடாக்கில் உண்டு. லே நகரின் வடக்கே எழும் மலைகள் அதன் பகுதியே. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே முன்பு இருந்த டெதிஸ் கடலின் தளம் ஆசியாவின் அடியில் அமிழ்ந்தபோது அது வளர்ந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்து மோதியதும் கடற்தளம் தீர்ந்து, நீரின் வரவும் நின்று, வளர்ச்சி முடிந்தது.

கேள்வி: இப்போது எங்காவது ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறதா?

நடு ஆண்டீஸில் அல்டிப்லானோ, பூனா உயர்நிலங்களின் அடியில் உருவாகிறது என்று நம்ப நல்ல ஆதாரம் இருக்கிறது. அங்கே சுமார் 15 கிலோமீட்டருக்குக் கீழே நிலநடுக்க அலைகள் மந்தமாகும் பெரும் அடுக்கு ஒன்று பரவியிருக்கிறது. அதில் திரவம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மட்டுமே என்றும், மீதி படிகம் என்றும் மதிப்பிடுகிறார்கள். அதன் மேலே பொலிவியாவின் உட்டுருங்கு எரிமலையைச் சுற்றி நிலம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் உயர்ந்ததைச் செயற்கைக்கோள்கள் அளந்திருக்கின்றன. ஆனால் அந்த ஆழத்துப் பாறை வெளியே தெரிய, அதன் மேலிருக்கும் பல கிலோமீட்டர் மேலோடு முதலில் அரிக்கப்பட வேண்டும். சியெராவில் பாத்தோலித்தின் மேலே இருந்து அப்படி அரிக்கப்பட்ட எரிமலைகளின் மண்தான் இன்று பெரும் பள்ளத்தாக்கின் கிரெட்டேசியப் படிவுகளாகக் கிடக்கிறது.